தக்ளி குத்திய கொட்டாரம் எது?

பிரெஞ்சில் 'ஷாத்தோ' என்று ஒரே சொல்தான். அகழியும் கொத்தளமும் உள்ள போர்க்கோட்டையும் ஷாத்தோ, ராஜா வேட்டைக்கு வந்து தங்கிய அரண்மனையும் ஷாத்தோ, திராட்சைத் தோட்டக்காரரின் பெரிய வீடும் ஷாத்தோதான். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. பத்மநாபபுரத்தில் சுற்றி நிற்கும் கல்மதில் கோட்டை, உள்ளே மரத்தால் இழைத்த அரண்மனை கொட்டாரம். பிரான்சுக்குப் போகத் திட்டம் போடும்போது இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷம்போரும் ஷெனோன்சோவும் கொட்டாரங்கள். இழுவைப்பாலமும் அம்பு எய்யும் துளைகளும் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் லாஞ்சே, ஷினோன் மாதிரி கோட்டைகளுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும். 'அழகான ஷாத்தோ' என்று படத்தை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, 'பீரங்கி எங்கே?' என்று பிள்ளை கேட்கும்போது முழிப்பதில் பயனில்லை.

அடுத்த குழப்பம் கதை. லுவார் ஆற்றங்கரையில் எந்தக் கொட்டாரத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு தேவதைக் கதையை அதோடு முடிச்சுப்போட்டுச் சொல்வார்கள். சில முடிச்சு கெட்டி, சில வெறும் சுருக்கு. அதை அவிழ்த்துப் பார்க்க, முதலில் கதையைப் படிக்க வேண்டும். சினிமாவில் வந்த கதையை அல்ல, சார்ல் பெரோ எழுதியதை. 1697-இல் வந்த அவருடைய உரைநடைத் தொகுப்பில் எட்டே கதைகள்: தூங்கும் அழகி, சிவப்புத் தொப்பிக்காரி, நீலத்தாடி, பூட்ஸ் போட்ட பூனை, சின்ட்ரெல்லா எல்லாம் அதில்தான். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விமானத்தில் படித்து முடித்துவிடலாம்.

படித்தால் சில ஆச்சரியங்கள் உண்டு. தூங்கும் அழகியைக் குத்தியது ராட்டை இல்லை, தக்ளி. கோபுரத்து உச்சியில், சின்ன மாடியறையில் தனியாக நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியின் கையில் இருந்தது. நூல் நூற்கக் கூடாது என்ற ராஜாவின் ஆணை அந்தக் கிழவியின் காதுக்கு எட்டவே இல்லை. இளவரசன் வந்து முத்தமும் கொடுக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டான், நூறு வருஷக் கெடு முடிந்திருந்தது, அவள் விழித்தாள், அவ்வளவுதான். கல்யாணத்தோடும் கதை முடியவில்லை. மாமியார் ஓர் அரக்கி. பேரக் குழந்தையையே வெங்காயமும் கடுகும் சேர்த்த 'சோஸ் ரொபேர்' குழம்பில் சமைத்துத் தரச் சொல்கிறாள். நம்மூர் வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

எனக்குப் பிடித்த இடம் அவள் விழித்த பிறகு வருவது. இளவரசி பிரமாதமாக உடுத்தியிருக்கிறாள். ஆனால் அந்த உடை அவன் பாட்டி காலத்து உடை, கழுத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் காலர் வேறு. அதை அவளிடம் சொல்லாமல் அவன் கவனமாக வாயை மூடிக்கொள்கிறான். இரவு உணவின்போது வாத்தியக்காரர்கள் வாசிப்பது நூறு வருஷமாக யாரும் வாசிக்காத பழைய மெட்டுகள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு லுவார் கரையின் வரலாற்றைப் பாருங்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு ராஜாக்கள் பாரிஸைவிட இந்தப் பக்கத்தில்தான் அதிகம் தங்கினார்கள். ப்ளுவா கொட்டாரத்தில் 1588 டிசம்பர் 23 அன்று மூன்றாம் ஆன்ரி ராஜா தன் எதிரியான கீஸ் பிரபுவைக் கொல்லச் செய்தான். இரண்டு வாரத்துக்குள், 1589 ஜனவரி 5 அன்று, அவன் தாய் கத்தரீன் தெ மெடிசி அதே கொட்டாரத்தில் இறந்தாள். அந்த வருஷமே அவனும் குத்துப்பட்டுச் செத்தான். அதன் பிறகு அரசவையின் இருப்பிடம் பாரிஸ் பக்கம் போய்விட்டது, 1682-இல் வெர்சாய்க்கு. எப்போதாவது வேட்டைக்கு, விருந்துக்கு என்று எட்டிப் பார்த்ததோடு சரி. 1589-லிருந்து 1697 வரை கணக்குப் போட்டால் நூற்றுச் சொச்சம். உயர்ந்த காலர் அந்த மூன்றாம் ஆன்ரி காலத்து மோஸ்தர். பெரோ இதை நினைத்துத்தான் எழுதினார் என்று நிரூபிக்க முடியாது, இது என் வாசிப்பு. ஆனால் 'எந்தக் கொட்டாரம் தூங்கும் அழகியின் கொட்டாரம்' என்று கேட்பவர்களுக்கு, அன்றைக்கு லுவார் கரையே தூங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் நேர்மையான பதில் என்று தோன்றுகிறது.

ராஜா ஊரில் இருந்த காலத்திலும் இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. 1519-இல் முதலாம் பிரான்சுவா தொடங்கிய ஷம்போரில் 426 அறை, 77 மாடிப்படி, 282 கணப்பு. சுற்றி 5,440 ஹெக்டேர் காடு, அதற்கு 32 கிலோமீட்டர் மதில். அவர் ஆண்ட 32 வருஷத்தில் அங்கே தங்கியது மொத்தம் 72 நாள் என்பது கணக்கு. அரசவை ஊர் ஊராகப் போகும்போது கட்டிலும் திரைச்சீலையும் பெட்டிகளும் கூடவே வண்டியில் போகும். பிரெஞ்சில் மரச்சாமானுக்கு 'மொப்ள்' என்று பெயர், நகர்த்தக்கூடியது என்று பொருள். ராஜா கிளம்பிய மறுநாள் அங்கே மிஞ்சுவது வெறும் கல் மட்டும். அதனால் ஷம்போரில் 'அறைகள் காலியாக இருக்கின்றன, ஏமாற்றிவிட்டார்கள்' என்று யாராவது விமர்சனம் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அதுதான் அதன் இயல்பான நிலை. அங்கே நேரத்தைச் செலவிட வேண்டியது நடுவிலிருக்கும் இரட்டைத் திருகுப்படியிலும் மொட்டைமாடியிலும்தான். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நடுத்தண்டின் துளைகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், எதிர்ப்பட மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு படியில் அனுப்பிப் பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

சரி, தூங்கும் அழகிக்கு உரிமை கோரும் உஸ்ஸேவுக்குப் போகலாமா? ஷினோன் காட்டின் ஓரத்தில், ஆந்த்ர் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. வெள்ளைச் சுவர், கூர் கோபுரம், பின்னால் கறுத்த காடு. படத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பெரோ இங்கே தங்கினார், அதைப் பார்த்தே எழுதினார் என்பது கொட்டாரத்தார் சொல்லும் மரபு. இப்போதும் அது தனியார் வீடு. கோபுரத்தில் கதைக் காட்சிகளை மெழுகுப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போங்கள், இரண்டு மணி நேரம் போதும். பெரியவர்கள் மட்டும் என்றால் ஆற்றுப் பக்கம் நின்று வெளியிலிருந்து பார்த்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடும். ரயில் கிடையாது, பஸ்ஸை நம்ப முடியாது, கார் வேண்டும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். டிசம்பர் லீவுக்குப் போகிறவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்.

பெரோவின் கதைக்குள் உண்மையிலேயே நிற்கிற கொட்டாரம் வேறொன்று. விழித்த இளவரசியும் இளவரசனும் சாப்பிடப் போவது 'கண்ணாடிகள் பதித்த கூடத்துக்கு'. வெர்சாயில் கண்ணாடி மண்டபம் முடிந்தது 1684-இல். 73 மீட்டர் நீளம், 17 சாளரம், எதிரே 17 வளைவு, 357 கண்ணாடி. பெரோ பல வருஷம் ராஜாவின் கட்டட வேலைகளைப் பார்த்த அமைச்சர் கோல்பேரின் கீழ் வேலை பார்த்தவர். வெர்சாய்த் தோட்டத்தில் ஈசாப் கதைகளைக் காட்டும் 39 நீரூற்றுகளோடு ஒரு புதிர்வழி அமைக்க யோசனை சொன்னவரும் அவரே. (அதை 1770-களில் அழித்துவிட்டார்கள், தேடி அலையாதீர்கள்.) சின்ட்ரெல்லாவின் அக்காமார் அறையில் தலை முதல் கால்வரை தெரியும் கண்ணாடி இருக்கிறது. நீலத்தாடி வீட்டிலும் இருக்கிறது. அன்றைக்கு அந்த அளவுக் கண்ணாடி சொத்துக்குச் சமம். அரசாங்கமே 1665-இல் தனித் தொழிற்சாலை தொடங்கித்தான் வெனிஸ்காரர்களின் பிடியிலிருந்து வெளியே வந்தது. தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, செருப்புச் செய்ததும் கண்ணாடி. பெரோவின் மந்திரம் எங்கே இருக்கிறது என்பது நம் மொழியில் படிக்கும்போது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

வெர்சாய்க்கு வேறு குறிப்பு பெரிதாக வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை, நம் பத்மநாபபுரம் மாதிரியே. நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே அதன் சொந்தத் தளத்தில் வாங்குங்கள்.

கட்டாயம் பார்க்கச் சொல்வேன் என்றால் அது ப்ளுவாவில் ஒரு சின்னப் படம். 57-க்கு 46 சென்டிமீட்டர்தான். கொட்டாரத்துக்குள்ளேயே பன்னிரண்டாம் லூயி கட்டிய பகுதியில் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே. கூட்டம் கொலை நடந்த அறையைப் பார்த்துவிட்டு இறங்கிவிடும், இங்கே யாரும் நிற்பதில்லை. லவீனியா ஃபொன்டானா என்ற இத்தாலியப் பெண் ஓவியர் 1595-ஐ ஒட்டி வரைந்தது. பூ வேலைப்பாடுள்ள கவுன், தலையில் பூ, கையில் ஒரு தாள். நெற்றியிலிருந்து கன்னம், மூக்கு வரை முகம் முழுக்கப் பழுப்பு முடி. நடுவில் நிதானமாகப் பார்க்கும் இரண்டு கண். பெயர் அந்தோனியெத்தா கொன்சால்வுஸ், சிறுமி. கையிலிருக்கும் தாளில் அவள் குடும்பக் கதை எழுதியிருக்கிறது: அப்பா கானரி தீவுகளில் கண்டெடுக்கப்பட்ட 'காட்டு மனிதர்', பிரெஞ்சு ராஜா ஆன்ரியிடம் கொண்டுவரப்பட்டார், பிறகு பார்மா பிரபுவிடம் போனார்.

அந்த அப்பா பெத்ருஸ் கொன்சால்வுஸ். உடம்பெல்லாம் முடி வளரும் பிறவிக் கோளாறு. 1547-இல் சிறுவனாக இரண்டாம் ஆன்ரியின் அரசவைக்கு வந்தார். லத்தீன் படிக்க வைத்தார்கள், கத்தரீன் என்ற பெண்ணை மணந்தார், பிறந்த பிள்ளைகளில் பலருக்கும் அதே முடி. அழகியும் மிருகமும் கதைக்கு இவர்தான் மூலம் என்று நிறையப் பேர் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கதை அச்சில் வந்தது 1740-இல், வில்நெவ் சீமாட்டி எழுதி. நாம் இன்று சொல்லும் சுருக்கமான வடிவம் 1756-இல், லெப்ரான்ஸ் தெ போமோன் எழுதியது. மிருக மாப்பிள்ளைக் கதைகளோ அதற்கு எத்தனையோ காலம் முந்தியவை. ஆனால் கதையில் மிருகம் கடைசியில் இளவரசனாக மாறிவிடுகிறது. இந்தக் குடும்பத்தில் யாரும் மாறவில்லை, அப்படியே ஒரு பிரபுவிடமிருந்து இன்னொரு பிரபுவுக்குக் கைமாறினார்கள்.

அதே கொட்டாரத்தில் கத்தரீன் ராணியின் சிற்றறையையும் தவறவிடாதீர்கள். 237 செதுக்குப் பலகை பதித்த சுவர். அடியில் ஒரு மிதியை மிதித்தால் திறக்கும் ரகசிய அலமாரிகள் அதில் ஒளிந்திருக்கின்றன. விஷம் வைத்திருந்தாள் என்பது பின்னால் வந்த கதை, நகையும் காகிதமும் வைத்திருக்கத்தான் அதிக வாய்ப்பு.

நீலத்தாடிக்கு வருவோம். மேற்கே திஃபோஜ் என்ற இடிந்த கோட்டை 'நீலத்தாடியின் கோட்டை' என்றே விளம்பரம் செய்கிறது. அதன் சொந்தக்காரன் ஜில் தெ ரே, ஜோன் ஆஃப் ஆர்க்கோடு சேர்ந்து போரிட்டவன், குழந்தைகளைக் கொன்ற குற்றத்துக்காக 1440-இல் நாந்த் நகரில் தூக்கிலிடப்பட்டவன். கதையில் வருபவன் கொன்றது மனைவிமாரை. பொருந்தவில்லை, ஆனால் ஊர் வாய் பொருத்திவிட்டது. கள்ளியங்காட்டைக் கடக்கும்போது நீலி நினைவு வருவதும் நெய்யாற்றின்கரை அம்மச்சிப்பலாவைக் காட்டி 'இந்தப் பொந்தில்தான் மார்த்தாண்டவர்மா ஒளிந்தார்' என்பதும் இந்த வகைதான். கதைக்குத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. நாந்த் பக்கம் வேறு வேலை இருந்தால் ஒழிய திஃபோஜுக்காகத் தனியாகப் போக வேண்டாம்.

நாகர்கோவில்காரர்களுக்கென்றே ஒரு கதை உண்டு, மெலுசின். சனிக்கிழமைகளில் இடுப்புக்குக் கீழே பாம்பாக மாறும் பெண். அன்று மட்டும் என்னைப் பார்க்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கல்யாணம் செய்கிறாள், ராவோடு ராவாகக் கோட்டைகளை எழுப்புகிறாள். புருஷன் கதவில் துளை போட்டு, அவள் குளிப்பதை எட்டிப் பார்க்கிறான். விஷயம் வெளியே வந்ததும் அவள் சிறகு முளைத்த சர்ப்பமாகப் பறந்துபோகிறாள். அவள் கட்டியதாகச் சொல்லும் லுசின்யான் கோட்டையில் இன்று மிச்சம் அதிகமில்லை. ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டில் பெரி பிரபுவுக்காக எழுதிய பிரார்த்தனைச் சுவடியில், மார்ச் மாதப் பக்கத்தில், அந்தக் கோட்டையின் மேல் அவள் பொன்னிற நாகமாகப் பறக்கிறாள். அதே சுவடியின் செப்டம்பர் பக்கத்தில் சோமூர் கொட்டாரம்: வெள்ளைக் கோபுரங்கள், நீலக் கூரைகள், முன்னால் திராட்சை பறிக்கிறார்கள். தேவதைக் கதைக் கோட்டை என்றதும் நம் மனதில் வரும் உருவம் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். சுவடி பாரிஸுக்கு வடக்கே ஷாந்திய் கொட்டாரத்தில் இருக்கிறது. மூலத்தை வெளியே எடுப்பது அபூர்வம், நகலைத்தான் காட்டுவார்கள். தெரிந்துகொண்டு போங்கள்.

பாக்கி உருவத்தைக் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. இடிந்து கிடந்த பியர்ஃபோன் கோட்டையை 1857 முதல் மூன்றாம் நெப்போலியனுக்காக எழுப்பிய கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக், இருந்ததைச் சரிசெய்ததோடு நிற்காமல் இருந்திருக்க வேண்டியதையும் கற்பனை செய்து கட்டினார். 1867-இல் பவேரியாவின் இரண்டாம் லூட்விக் வந்து அதைப் பார்த்தார். 1869-இல் நொய்ஷ்வான்ஸ்டைன் தொடங்கியது. எல்லார் தொலைபேசியிலும் வால்பேப்பராக இருக்கும் அந்த மலைக்கோட்டை ஜெர்மனியில் இருக்கிறது, பிரான்சில் அல்ல. பயண ஏற்பாட்டாளர் காட்டும் 'பிரெஞ்சுக் கோட்டை' விளம்பரத்தில் அந்தப் படம் இருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அந்த வெள்ளைச் சுவரின் ரகசியம் 'துஃபோ' என்ற சுண்ணாம்புக்கல். வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டதும் மேல்தோல் இறுகும். நம்மூர் வெட்டுக்கல்லோடு பழகியவர்களுக்கு உடனே புரியும். செதுக்க எளிது என்பதால்தான் சாளரத்துக்குச் சாளரம் அத்தனை வேலைப்பாடு. அதே காரணத்தால் மழையில் அரிக்கும், கறுக்கும். எந்த நேரமும் ஏதாவது ஒரு கொட்டாரத்தில் சாரம் கட்டியிருப்பார்கள். கல் எடுத்த குகைகளில் இன்று ஒயின் பாதுகாக்கிறார்கள், சிலர் குடியும் இருக்கிறார்கள்.

இனி போகும் வழி. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் பாரிஸ் போவதே நம்மவர்களுக்கு வசதி. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை லீவுக்குப் போகிறவர்கள் பிப்ரவரியில் தொடங்கிவிடுங்கள்.

லுவார் கரையிலுள்ள தூர் நகரத்தில் நான்கு இரவு தங்கினால் போதும், ஓட்டலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பல ரயில்கள் தூருக்குள் வராது, பக்கத்திலுள்ள சேன்-பியேர்-தே-கோரில் நின்று தெற்கே போய்விடும். நாகர்கோவில் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் ஸ்டேஷன் வழியாகவே போகும் ரயில் மாதிரி. 'தூர் வரட்டும்' என்று உட்கார்ந்திருந்தால் போர்தோ வந்துவிடும். சேன்-பியேர்-தே-கோரிலேயே இறங்கிவிட்டால், இணைப்பு ரயிலில் ஐந்து நிமிடம்.

தூரிலிருந்து உள்ளூர் ரயிலில் ஷெனோன்சோ அரை மணி நேரம். நிலையத்திலிருந்து கொட்டாரம் நடைதூரம். ஆற்றின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம். அம்ப்வாஸ், ப்ளுவா, லாஞ்சே, ஆஸே-லெ-ரிதோ நான்குக்கும் ரயில் உண்டு. ஷம்போருக்கு ப்ளுவாவிலிருந்து சீசனில் பஸ் ஓடும், தடவைகள் குறைவு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் 16 கிலோமீட்டருக்கு டாக்ஸி. அதனால் திரும்பும் பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உஸ்ஸே, ஷினோன், சோமூர் மூன்றுக்கும் ஒருநாள் கார் எடுக்கலாம். நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும், அதுவும் வலக்கையால் மாற்றுவது. முன்பணத்துக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி பெயரில் பதிவு, கணவர் கையில் கார்டு என்றால் சாவி கிடைக்காது. கிராமத்துச் சந்திகளில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அவர் நிற்காமல் வருவார். ரவுண்டானாவில் மட்டும் உள்ளே சுற்றுகிறவருக்கு வழிவிட வேண்டும்.

சாப்பாட்டு நேரம் கறார். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, பிறகு ஏழு மணிக்கு மேல்தான் அடுப்புப் பற்றும். மூன்று மணிக்குக் கொட்டாரத்தைவிட்டு வெளியே வந்தால் ரொட்டிக்கடைதான் கதி. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகளும் இருக்காது, சனியன்றே வாங்கி வையுங்கள். மீன் இல்லாமல் முடியாதவர்கள் 'சான்த்ர்' என்ற ஆற்றுமீனைக் கேளுங்கள். வெண்ணெய்ச் சாற்றில் தருவார்கள், முள் குறைவு, உறைப்பு துளியும் இருக்காது. ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே போய்விடும்.

கடைசி நாளை லாஞ்சேவுக்கு வையுங்கள். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, ஊர்த் தெருவின் முடிவிலேயே கோட்டை வாசல். 1465-இல் பதினோராம் லூயி கட்டியது. இழுவைப்பாலம் இன்றும் வேலை செய்கிறது. மதில் மேல் கூரையிட்ட காவல்நடையில் நடந்து பார்க்கலாம்; தரையில் எதிரியின் மேல் கல் போடும் துளைகள், அதன் வழியே கீழே தெருவில் நடப்பவர்களின் தலை தெரியும். படிகள் திருகலானவை, கல் தேய்ந்து வழுவழுவென்றிருக்கும், ரப்பர் அடிச் செருப்பாவது வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்குக் கீழே தோட்டத்தில் உட்கார பெஞ்சு உண்டு.